எங்கள் ஊர்ச் சாலை யார் பொறுப்பு? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் 2 கிலோமீட்டர் தார்ச்சாலை போன மழைக்கே பெயர்ந்துவிட்டது. பள்ளத்தில் கிடக்கும் ஜல்லியைக் காலாலேயே தள்ளலாம், அடியில் தார் பிடித்த அடையாளமே இல்லை. போன வாரம் பால் கொண்டுபோன அண்ணன் வண்டியோடு சாய்ந்து, ஒரு கேன் பாலும் மண்ணில் போனது. முழங்கை கிழிந்து ஐந்து தையல்.

ஊராட்சியில் கேட்டால் ஒன்றியச் சாலை என்கிறார்கள். ஒன்றியத்தில் கேட்டால் ஊராட்சியைப் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று மாதமாக இதே அலைச்சல்தான்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் 5 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு. எங்கள் சாலை எந்தத் திட்டத்தில் போட்டது என்று காட்டும் பலகையே இல்லை. 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்றிருக்கிறேன். அப்புறம், அதில் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நகலும் சாலைப் பதிவேட்டு (எந்தச் சாலை யார் பொறுப்பு என்று காட்டும் பதிவேடு) நகலும் கேட்க வேண்டும், அதை எப்படி எழுதுவது? மாதிரி மனு இருந்தால் பகிருங்கள்.

அரசும் மக்களும் சேர்ந்து செலவு செய்யும் 'நமக்கு நாமே' திட்டத்தில் சாலை போடலாம், ஆனால் செலவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் அதை வசூலிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊரில் யாராவது அப்படிச் சாலை போட்டிருந்தால் பணம் எப்படித் திரட்டினீர்கள்?

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கப் போகிறோம். அதன் வாசகத்தைத் திருத்தித் தர யாராவது முன்வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.