லேப்டாப்பில் கீச்சுச் சத்தம், யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் லேப்டாப்பின் கீபோர்டு இடது மேல்மூலையிலிருந்து, காதருகே கொசு பாடுவதுபோல ஒரு கீச்சுச் சத்தம். ஃபேன் நின்றிருக்கும்போதும் கேட்கிறது. பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் சுருதி மாறுகிறது, விரலை எடுத்தால் பழையபடி. சார்ஜரைக் கழற்றினால் ஓரளவு அடங்குகிறது. மின்சுருள் அதிரும் ‘காயில் வைன்’தான் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸர் உச்ச அளவை 99 சதவீதமாக்கி டர்போவை (பிராசஸர் தேவைப்படும்போது தானே வேகம் கூட்டிக்கொள்வதை) நிறுத்தினேன். சத்தம் குறைந்தது, கூடவே வேகமும் போச்சு.

சர்வீஸ் சென்டரில் “இதெல்லாம் நார்மல் சார்” என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வேலை பார்ப்பவனுக்கல்லவா தெரியும்!

வாரண்டி இருக்கிறது. மதர்போர்டை மாற்றச் சொல்லிச் சண்டை போடலாமா? புது போர்டும் கத்தினால்? வேறு சார்ஜர் போட்டு யாருக்காவது சரியானதா? இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், அதிராமலிருக்கக் காயிலுக்குப் பசை வைத்துத் தரும் நம்பகமான ஆள் தெரிந்தாலும் சொல்லுங்கள், வாரண்டி முடிந்தபின் உதவும்.