ஓரம் கடிச்ச மாதிரி ஒரு காயின், எரரா இல்ல யாராவது வெட்டுனதா?

சில்லறைப்பை:
நேத்து சில்லறையில வந்த ஒரு காயின்ல ஓரத்துல எலி கடிச்ச மாதிரி பிறை வடிவத்துல ஒரு துண்டையே காணோம், அது பத்தாதுன்னு வருஷம் போட்ட இடத்துல நம்பர் எல்லாம் ரெட்டை ரெட்டையா தெரியுது, நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு கோடு வேற. ஒரே காயின்ல மூணு எரர், அதாவது காயின் செய்யும்போதே விழுற தப்பு, வருமா? நாலஞ்சு வீடியோ பாத்துட்டேன், எல்லாரும் விலையைத்தான் சொல்றாங்க, எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லல.

பழங்காசு:
முதல்ல அதைத் தேய்ச்சுக் கழுவிடாதீங்க. கோட்டுக்கு டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு லென்ஸ்ல பாருங்க, மேடா இருந்தா டை கிராக், அதாவது அச்சுல விரிசல் விட்டு அடிக்கும்போது உலோகம் அதுக்குள்ள ஏறி நின்னது. பள்ளமா இருந்தா வெறும் கீறல், மறந்துடுங்க.

கடிச்ச இடம்தான் எனக்கு ஆசையா இருக்கு. தகட்டுல இருந்து வட்டம் வட்டமா வெட்டும்போது தகடு சரியா நகரலன்னா ஏற்கனவே வெட்டுன ஓட்டை மேலயே பஞ்ச் விழும், அதான் பிறை மாதிரி குறையும், இதைத்தான் கிளிப்னு சொல்வாங்க. வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்க. நிஜ கிளிப்னா பெரும்பாலும் அங்க விளிம்பு மழுங்கி சப்பையா இருக்கும், ஏன்னா விளிம்பைத் தூக்குற மெஷின்ல இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால அந்தப் பக்கம் அழுத்தம் விழாது. இதுக்கு பிளேக்ஸ்லி எஃபெக்ட்னு பேரு. அரத்தால ராவுனவன் எதிர்ப்பக்கத்தை யோசிக்கவே மாட்டான். எடையும் போடுங்க.

லென்ஸ்கண்ணன்:
ரெட்டை நம்பர் பத்தி மட்டும் சொல்றேன், ரொம்ப பேர் ஏமாறுறது இங்கதான். ரெண்டாவது உருவம் படிக்கட்டு மாதிரி தட்டையா, பளபளன்னு, தாழ்வா இருந்து அசல் நம்பர் ஒல்லியாயிட்டா அது மெஷின் டபுளிங், அடிக்கிற நேரத்துல அச்சு ஆடிப்போச்சு, அவ்வளவுதான், அதுக்கு மதிப்பு கிடையாது. நிஜ டபுள்டு டைல அச்சு செய்யும்போதே உருவம் ரெண்டு தடவை விலகி விழுந்திருக்கும், அதனால ரெண்டும் உருண்டையா எழும்பி நிக்கும், எழுத்து முனை பிளந்த மாதிரி இருக்கும். 1955 அமெரிக்க ஒரு சென்ட் படத்தைத் தேடிப் பாருங்க, அதுக்கு லென்ஸே வேண்டாம்.

சில்லறைப்பை:
பாத்துட்டேன். கோடு பள்ளம்தான், போச்சு. நம்பரும் நீங்க சொன்ன படிக்கட்டு மாதிரியேதான் இருக்கு, அதுவும் போச்சு. ஆனா எதிர்ப்பக்க விளிம்பு நிஜமாவே மழுங்கி இருக்கு! இருக்க வேண்டிய எடை 5 கிராம், இது 4.71. வெட்டுக்குப் பக்கத்துல கடைசி எழுத்தோட கால் அந்தப் பக்கமா இழுத்து விட்ட மாதிரி சரியுது.

பழங்காசு:
அந்தக் கால் இழுபட்டது நல்ல சேதி. அடிச்சு முடிச்சப்புறம் வெட்டியிருந்தா எழுத்து கத்தியில அறுத்த மாதிரி பட்டுன்னு நின்னிருக்கும். போட்டோவுல பாக்காம முடிவா சொல்ல மாட்டேன், ஆனா கிளிப்புன்னுதான் நினைக்கிறேன். மெத்துன்னு இருக்கிற பிவிசி கவர்ல மட்டும் போட்டு வைக்காதீங்க, நாள்பட பச்சையா பிசுபிசுன்னு ஒட்டிக்கும், என்னோட ஒண்ணு அப்படித்தான் வீணாச்சு.