14 அடியா, 16 அடியா? அலுமினியப் படகு வாங்க அவசர யோசனை வேண்டும்

அக்கரைப்பேட்டைத் தம்பி:
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. தங்கை கல்யாணத்துக்காக இப்போது நாகப்பட்டினம் வந்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். அங்கே இரண்டு பழைய அலுமினியப் படகு விலைக்கு வந்திருக்கிறது, ஒன்று 14 அடி, இன்னொன்று 16 அடி. விற்பவர் நாளைக்குள் முன்பணம் கேட்கிறார், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. எதை எடுக்கட்டும்?

வேதாரண்யம் மாமா:
முதல் வருடத்தில் படகே வேண்டாம் தம்பி. நான் போய் இறங்கியது நவம்பரில். பேஸ்மென்ட் அறை, ஒரே ஜன்னல், அதையும் பனி மூடிவிடும். கொண்டுபோன காசு குளிர் அங்கிக்கும் பஸ் பாஸுக்குமே தீர்ந்தது. ஒரு துண்டு கருவாட்டுக்கு ஏங்கிக் கிடந்தேன். பணத்தைக் கையில் வைத்துக்கொள்.

தரங்கம்பாடிக்காரன்:
கண்ணை மூடிக்கொண்டு 16 அடியை எடு. ஒன்டாரியோவில் நான் ஓட்டிய சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். காற்று கிளம்பினால் குட்டை அலை நெருக்கி நெருக்கி வரும், நம் கடல் அலை போல ஏறி இறங்க விடாது. 14 அடிப் படகில் அணியத்தை, அதாவது முன்முனையைத் தாண்டித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. மே மாதம்தான், ஆனாலும் ஊசியாகக் குத்தியது.

மன்னார்குடி அக்கா:
16 அடியை எதில் கட்டி இழுப்பான், எங்கே நிறுத்துவான்? நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா படகு இழுக்கும் டிரெய்லரை வாசலில் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். படகு நிறுத்த மாத வாடகை கட்டியே ஓய்ந்தோம். 14 அடியே போதும்.

வேதாரண்யம் மாமா:
அங்கே எதற்கெடுத்தாலும் ஒரு கார்டு, ஒரு கட்டணம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் அண்ணன் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறினார், இன்னும் என்ஜின் கடன் அடைந்தபாடில்லை.

மன்னார்குடி அக்கா:
எங்கள் பக்கமும் அதே கதைதான். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிறது.

பழையாறு அண்ணன்:
தம்பியின் கேள்விக்கு வருவோம். எந்த ஏரி, எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை எச்.பி. என்ஜின் என்று நீ எதுவுமே சொல்லவில்லையே. பார்க்காத படகுக்குப் பணம் அனுப்பாதே. போனதும் படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் வழியாக வெளியே சொட்டுகிறதா என்று அடியில் குனிந்து பார். என்ஜின் மாட்டும் பின்பலகையைத் தட்டு. உள்ளே மரம் உளுத்திருந்தால் சத்தம் பொதக்கென்று கேட்கும். அந்தப் பலகை உயரமும் என்ஜின் தண்டு நீளமும் ஒத்துப்போக வேண்டும், 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை எச்.பி. என்று படகிலேயே தகடு இருக்கும், படித்துக்கொள். மோட்டார் வைத்த எந்தப் படகை ஓட்டவும் அங்கே தேர்வு எழுதிப் படகு ஓட்டுநர் அட்டை வாங்க வேண்டும். என்ஜின் 10 எச்.பி. அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கே உரிம எண் உண்டு, அதை உன் பெயருக்கு மாற்று.

அக்கரைப்பேட்டைத் தம்பி:
மன்னிக்கணும் அண்ணே. ரைஸ் ஏரி. நானும் அப்பாவும் மட்டும்தான். முழங்கால் வலியால் அப்பா கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஜூலையில் அங்கே கூட்டிப்போகிறேன். என்னுடையது சின்ன கார். வேலையிடத்து நண்பரிடம் பிக்கப் இருக்கிறது.

பழையாறு அண்ணன்:
அப்படியென்றால் 14 அடி. சின்ன கார்கள் பலவற்றில் டிரெய்லர் இழுக்கவே கூடாது, பிக்கப்பையே கேள். ரைஸ் ஏரி ஆழமில்லாதது, அலை சட்டென்று எழும், காலையிலேயே போய்வந்துவிடு. அப்பாவைக் கரையில் இருந்து தாவ விடாதே, படகைப் படகுத்துறையோடு ஒட்டி நிறுத்திவிட்டு ஏற்று. லைஃப் ஜாக்கெட் அவர் அளவுக்கு இப்போதே பார்த்து வை.

அக்கரைப்பேட்டைத் தம்பி:
சரி அண்ணே. முன்பணம் அனுப்பவில்லை. 14 அடியின் பின்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.