வேறு கணினியில் செருகினால் என் கோப்புகளுக்கு இன்னொருவர் உரிமையாளராகத் தெரிகிறார்: வெளிவட்டில் அனுமதிகளை எப்படி அமைப்பது?

கேள்வி

வணக்கம். வீட்டிலுள்ள உபுண்டு லினக்ஸ் கணினியில் ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்புமுறையில் ஃபார்மேட் செய்து, நிழற்படங்களையும் நான் எழுதிவரும் நிரல்களையும் அதில் வைத்திருக்கிறேன். அதை அலுவலகத்தின் உபுண்டு கணினியில் செருகினால், எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளராக, அந்தக் கணினியை என்னுடன் பகிர்ந்துகொள்ளும் சக ஊழியரின் பெயர் வருகிறது. அவர் இந்த வட்டைத் தொட்டதே இல்லை. படங்களைத் திறக்க முடிகிறது. திருத்திச் சேமிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. உரிமையாளர் மட்டுமே நுழையக்கூடிய 700 அனுமதி கொடுத்த கோப்புறைக்குள் நுழையவே முடியவில்லை. எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதியை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடச் சொல்கிறார் ஒருவர். விண்டோஸிலும் மேக்கிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் கோப்புமுறைக்கு மாறிவிடச் சொல்கிறார் இன்னொருவர். அலுவலகக் கணினியில் எனக்கு ரூட் அதிகாரம் (நிர்வாகிக்குரிய முழு அதிகாரம்) இல்லை. எது சரியான வழி?

மறுமொழி 1

வட்டில் உங்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இஎக்ஸ்டி4 ஒவ்வொரு கோப்புடனும் உரிமையாளரின் அடையாள எண்ணையும் (யூஐடி) குழுவின் அடையாள எண்ணையும் (ஜிஐடி) மட்டுமே பதிந்து வைக்கிறது. அந்த எண் யாருடையது என்பதை, வட்டு செருகப்பட்ட கணினி தன் சொந்தப் பயனர் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கப்படும் கணக்குக்கு 1000 என்ற எண்ணும் அடுத்ததற்கு 1001 என்ற எண்ணும் கிடைக்கும். வீட்டில் நீங்கள் 1000. அலுவலகத்தில் உங்களுக்கு முன்பே கணக்கு பெற்ற சக ஊழியர் 1000, நீங்கள் 1001 என்று ஊகிக்கிறேன். இரண்டு கணினிகளிலும், உங்கள் எண்ணைக் காட்டும் ஐடி என்ற கட்டளையை இயக்கினால் இது உறுதியாகிவிடும். பெயரில்லாமல் வெறும் எண்ணாகவே பார்க்க, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு மைனஸ் என் என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

777 கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அது எந்தக் கணினியிலும் எந்தக் கணக்கும் உங்கள் கோப்புகளைத் திருத்தவும் அழிக்கவும் வழிவிடுகிறது. தவிர, அலுவலகத்தில் நீங்கள் புதிதாக உருவாக்கும் கோப்புகள் 1001 என்ற எண்ணுடன்தான் பிறக்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் இதே சிக்கல் எதிர்த்திசையில் தொடங்கும்.

நிர்வாகி ஒத்துழைத்தால், இரண்டு கணினிகளிலும் யாரும் பயன்படுத்தாத ஒரே எண்ணை, 3500 என்று வைத்துக்கொள்வோம், யூசர்மாட் கட்டளையால் உங்கள் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, வட்டிலுள்ள கோப்புகளின் உரிமையைச் சௌன் கட்டளையால் அந்த எண்ணுக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. எண்ணை மாற்றும்போது அந்தக் கணக்கில் யாரும் உள்நுழைந்திருக்கக் கூடாது.

நிர்வாகி இசையவில்லை என்றால் ஏசிஎல், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கும் பட்டியல், உதவும். வீட்டுக் கணினியில் செட்எஃப்ஏசிஎல் கட்டளையைக் கொண்டு, வட்டின் கோப்புறைகளில் 1001 என்ற எண்ணுக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். வீட்டில் அப்படி ஒரு பயனரே இல்லாவிட்டாலும் எண்ணை நேரடியாகக் கொடுக்கலாம். கூடவே, 1000, 1001 ஆகிய இரண்டுக்கும் டீஃபால்ட் ஏசிஎல் (புதிதாக உருவாகும் கோப்புகளுக்குத் தானாகப் பொருந்துவது) அமைத்துவிட்டால், எந்த இடத்தில் உருவாகும் கோப்பும் மற்ற இடத்திலும் திறக்கும்.

மறுமொழி 2

ஏசிஎல் வழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 644 அனுமதியுள்ள (உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) கோப்பு ஒன்றை வேறிடத்திலிருந்து இந்தக் கோப்புறைக்குள் காப்பி செய்தால், புதிய கோப்பின் ஏசிஎல் மாஸ்க் (பட்டியலிலுள்ள அனுமதிகளுக்கான உச்சவரம்பு) படிக்கும் உரிமையாகச் சுருங்கிவிடும். 1001க்கு எழுதும் அனுமதி பட்டியலில் இருந்தும் அது செல்லாது. ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையின் வெளியீட்டில் அந்த வரிக்கு அருகே, உண்மையில் செல்லுபடியாகும் அனுமதி தனியாகக் காட்டப்படும்; அதைப் பார்த்துவிட்டு மாஸ்க்கைத் திரும்ப விரியுங்கள்.

இன்னொன்று, உங்கள் சக ஊழியரைப் பற்றியது. நீங்கள் வட்டைச் செருகும்போது உபுண்டு அதை மீடியா கோப்புறைக்குள் உங்கள் பெயரிலான துணைக்கோப்புறையில் ஏற்றுகிறது. மற்றப் பயனர்கள் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் அவரே வட்டை எடுத்துத் தம் கணக்கில் செருகினால், 700 கொடுத்த கோப்புறை உட்பட அனைத்துக்கும் அவரே உரிமையாளர். வேறொரு கணினியில் ரூட் அதிகாரம் உள்ள எவருக்கும் எந்த அனுமதியும் தடையாக இராது. அந்தரங்கமானவை இருந்தால் லக்ஸ் முறையில் வட்டை மறையாக்கம் செய்யுங்கள்; அனுமதி எண்களை நம்பி அவற்றை வைக்காதீர்கள்.

கேட்டவர்

ஐடி கட்டளை நீங்கள் ஊகித்தபடியே 1000, 1001 என்று காட்டுகிறது. இருவருக்கும் நன்றி. இதே வட்டை எப்போதாவது விண்டோஸ் கணினியிலும் மேக்கிலும் திறக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் எக்ஸ்ஃபேட்டைப் பற்றியும் கேட்டேன். அதில் உரிமையாளர் சிக்கல் எழாதா?

மறுமொழி 3

எழாது, ஏனெனில் எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளரைப் பதிவதற்கு இடமே இல்லை. வட்டை ஏற்றும்போது லினக்ஸ் எல்லாக் கோப்புகளையும் உள்நுழைந்திருப்பவருக்கே சொந்தமாகக் காட்டுகிறது. 2019இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. 2020இல் வந்த 5.7 கெர்னலிலிருந்து (இயங்குதளத்தின் மையப்பகுதி) லினக்ஸில் அதற்கு நல்ல டிரைவர் இருக்கிறது. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்ற தடையும் இதில் இல்லை. நிழற்படங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

நிரல்களுக்குப் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அனுமதி வைக்க முடியாது, சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாக்க முடியாது, பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் காப்பியே நின்றுவிடும். அவற்றை டார் கோப்பாக, அதாவது பல கோப்புகளை ஒன்றாக்கும் தொகுப்பாகக் கட்டி எக்ஸ்ஃபேட்டில் வைத்தால், அனுமதிகளும் சிம்லிங்குகளும் உள்ளே பத்திரமாக இருக்கும். லினக்ஸ் வட்டில் பிரித்ததும் திரும்பக் கிடைக்கும்.

விண்டோஸின் கோப்புமுறையான என்டிஎஃப்எஸ்ஸை இந்தத் தேவைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. விண்டோஸ்களுக்கு இடையிலும், ஒரு கணினியின் கணக்குக்கு மட்டும் அனுமதி கொடுத்த கோப்புறை மற்றக் கணினியில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் அடையாளம் தெரியாத கணக்காகத் தோன்றும். அங்குள்ள நிர்வாகி உரிமையைத் தமக்கு மாற்றிக்கொண்டால்தான் திறக்கும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவில் தொடங்குவதற்காக முழுதாக அணையாமல் நிற்கும் வசதி) இயங்கி வட்டு சரியாக மூடப்படாமல் வந்தால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் ஏற்றக்கூடும், அல்லது ஏற்றவே மறுக்கக்கூடும். பலர் இதையும் அனுமதிச் சிக்கல் என்று எண்ணி, அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையோடு போராடுகிறார்கள்.

ஆகவே ஒரே வட்டில் இரண்டு பார்ட்டிஷன் (தனித்தனிப் பகுதி) அமையுங்கள்: படங்களுக்கு எக்ஸ்ஃபேட், நிரல்களுக்கு ஏசிஎல் அமைத்த இஎக்ஸ்டி4. பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இல்லை என்பதால் எந்த இயங்குதளத்திலும் முறையாக வெளியேற்றாமல் வட்டைப் பிடுங்காதீர்கள். இஎக்ஸ்டி4 பகுதியை விண்டோஸ் படிக்கத் தெரியாமல் ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்கக்கூடும். அந்தப் பெட்டியில் வேண்டாம் என்பதையே அழுத்துங்கள், வட்டைக் கடன் கொடுக்கும் நண்பரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.