கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தும் லோன் மறுப்பு: சிஃபாஸ் மார்க்கரா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
லண்டன். மூன்று இடத்தில் கார் லோன் கேட்டேன், மூன்றிலும் சில நிமிடத்தில் மறுப்பு. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. போன வருடம் ஒரு வங்கி காரணம் சொல்லாமல் கணக்கை மூடியது. அதற்கு முந்தின வாரம் தெரிந்தவர் ஒருவர், தன் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது என்று சொல்லி என் கணக்கில் 1,850 பவுண்டு போட்டு அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார். நடந்ததை விளக்கி வங்கிக்கு உடனே எழுதிவிடலாமா?

பேரேடு:
இப்போதைக்கு வேண்டாம். சிஃபாஸ் என்பது பிரிட்டனில் வங்கிகள் மோசடித் தகவலைப் பதிந்து பகிர்ந்துகொள்ளும் அமைப்பு, அங்கே உங்கள் பெயரில் விழும் பதிவுதான் மார்க்கர். எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதும் விளக்கம் பிறகு உங்களுக்கே வினையாகும். முதலில் சிஃபாஸ் இணையதளத்தில் 'சப்ஜெக்ட் ஆக்ஸஸ் ரிக்வெஸ்ட்' (உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்கும் மனு) போடுங்கள். காசு கிடையாது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும். வீடு மாறியிருந்தால் பழைய முகவரியையும் கொடுங்கள்.

வரும் தாளில் வகையைப் பாருங்கள். 'மிஸ்யூஸ் ஆஃப் ஃபெசிலிட்டி' என்றால் உங்கள் கணக்கைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று வங்கி சொல்கிறது. 6 வருடம் நிற்கும். 'விக்டிம் ஆஃப் இம்பர்சனேஷன்' என்றால் கதையே வேறு. உங்கள் பெயரை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற பாதுகாப்புப் பதிவு அது. 13 மாதம் இருக்கும், லோன் கேட்டால் ஆள் நீங்கள்தானா என்று கூடுதலாகச் சரிபார்ப்பார்கள்.

அதுவரை வேறெங்கும் லோன் கேட்காதீர்கள். மார்க்கர் ஒரு பக்கம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டில் வரிசையாக விழும் 'ஹார்ட் சர்ச்' பதிவு இன்னொரு பக்கம்.

கணக்குப்பிள்ளை:
அதே நாளில் வங்கிக்கும் ஒரு ரிக்வெஸ்ட் போடுங்கள்: மூடிய கணக்கின் ஸ்டேட்மெண்ட், போன் பதிவுகள், கணக்கு பற்றிய உள்குறிப்புகள். சிலதைத் தரமாட்டார்கள், தருவதே நிறைய உதவும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
வந்துவிட்டது. மிஸ்யூஸ் ஆஃப் ஃபெசிலிட்டிதான். 'எனக்குத் தெரியாது' என்று எழுதினால் போதுமா?

பேரேடு:
போதாது. ஆனால் வங்கிக்கும் வெறும் சந்தேகம் போதாது. மோசடி நடந்தது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும், போலீஸிடம் துணிந்து கொடுக்கக்கூடிய அளவுக்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். உங்கள் கணக்கில் மோசடிப் பணம் வந்தது என்று காட்டுவது பாதிதான். தெரிந்தே உடந்தையாக இருந்தீர்கள் என்பதையும் அவர்கள் காட்டவேண்டும். உங்கள் பதில் அந்த இடத்தில்தான் நிற்கவேண்டும்.

அன்றைய வாட்ஸாப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், நம்பரும் நேரமும் தெரியவேண்டும். வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்புக் குறைவு. ஸ்டேட்மெண்டில் வரி வரியாகப் பொருத்துங்கள்: 1,850 வந்த நேரம், ஏடிஎம்மில் எடுத்தது எவ்வளவு, டிரான்ஸ்பர் எவ்வளவு, யாருக்கு. 50 பவுண்டு உங்களிடம் மிஞ்சியிருந்தாலும் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அதைக் கமிஷன் என்றுதான் படிப்பார்கள்.

வங்கிக்கு எழுதும் கடிதத்தில் 'மார்க்கரை நீக்கக் கோரும் முறையீடு' என்று தெளிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சாதாரண விசாரணையாக ஓரங்கட்டுவார்கள். இறுதிப் பதிலுக்கு வழக்கமாக 8 வாரம். மறுத்தால் சிஃபாஸிடம் மறுபரிசீலனை கேட்கலாம். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனுக்கும் போகலாம், ஆனால் இறுதிப் பதில் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள். இரண்டும் இலவசம். 'மார்க்கரை எடுத்துத் தருகிறோம்' என்று நூற்றுக்கணக்கான பவுண்டு கேட்பவர்களும் இதே கடிதங்களைத்தான் அனுப்புகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. நீக்கிவிட்டோம் என்று வங்கி எழுதினாலும் சில வாரம் கழித்து சிஃபாஸிடம் மறுபடி ரிக்வெஸ்ட் போட்டு, தாளில் ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்தபிறகே லோனுக்கு விண்ணப்பியுங்கள்.