மறு: ‘கிளஸ்டர் ரிசர்ச்’ – ‘சூழ்குடி ஆய்வு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> கிளஸ்டர் என்றால் கொத்து. ‘கொத்தாய்வு’ போதுமே.

ஐயா, புள்ளியியலுக்கு அது பொருந்தும். ஆனால் நான் சொல்லும் ‘கிளஸ்டர் ரிசர்ச்’, ஒரு முன்னோரைக் கண்டுபிடிக்க அவரைச் சுற்றி வாழ்ந்தவர்களைத் தேடும் முறை. முன்னோரைத் தேடுகிறவருக்குப் போதாது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஸ்காட்ச்-ஐரிஷ் வம்சாவளித் தேடலில் இந்த முறை இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. அதை வைத்தே சொல்லைப் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் அல்ஸ்டருக்குப் போய்க் குடியேறிய பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரின் வழிவந்தவர்கள் இந்த ஸ்காட்ச்-ஐரிஷ்காரர்கள். குத்தகை ஏறியது, வறட்சி வந்தது, வேறொரு சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. 1718 தொடங்கி அமெரிக்கப் புரட்சி வரை அலை அலையாக அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். பெரும்பாலோர் இறங்கியது பிலடெல்பியாவிலும் அதன் அருகே நியூகாசிலிலும்.

ஆனால் இறங்கியதற்குச் சான்று? பென்சில்வேனியா அரசு 1727 முதல் ஜெர்மானியர்களிடம் பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாச உறுதிமொழி வாங்கியது. அதனால் அவர்களுக்குக் கப்பல்வாரியாகப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அல்ஸ்டர்காரர்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் மன்னரின் குடிகள். உறுதிமொழியும் வேண்டியதில்லை, பட்டியலும் எழுதப்படவில்லை. மறுகரையில் 1922இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்து பெருமளவு ஆவணங்கள் அழிந்தன. போதாததற்கு வீட்டுக்கு வீடு ஜான், ஜேம்ஸ், வில்லியம். வெறும் ‘ஜான் தாம்சன்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரே மாவட்டத்தில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள்.

ஆகவே அவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றியிருந்தவர்களைத் தேடுகிறார்கள். உயிலுக்குச் சாட்சி போட்டவர், பிணை நின்றவர், எல்லைநிலத்துக்காரர், ஒரே போதகரிடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் பெற்றவர். இவர்கள் தனித்தனியாகப் போகவில்லை என்பதுதான் இந்த முறையின் அடித்தளம். அல்ஸ்டரின் அகடோவி ஊர்ப் போதகர் ஜேம்ஸ் மெக்ரெகர் 1718இல் தம் சபையாரில் பலரோடு பாஸ்டன் போனார். அடுத்த ஆண்டே நியூஹாம்ஷையரின் நட்ஃபீல்டில் குடியேறினார்கள். 1722இல் அவ்வூர் லண்டன்டெரி ஆனது. அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு அயர்லாந்துச் சான்று கிடைத்தால், அடுத்த வீட்டுக்காரருக்கும் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

வர்ஜீனியாவில் இன்னும் தெளிவு. 1740 வாக்கில் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில், அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வழியாகச் சொந்தச் செலவில் குடும்பத்தோடு வந்தோம் என்று பலர் வாக்குமூலம் கொடுத்தார்கள், தலைக்கு 50 ஏக்கர் நில உரிமைக்காக. மனைவி, மக்கள் பெயரெல்லாம் அதில் வரும். அதே பெயர்களை ஜான் கிரெய்க் போதகரின் 1740–49 ஞானஸ்நானப் பதிவேட்டோடும் பெவர்லி மேனர் என்ற பெரிய நிலப்பகுதியின் பத்திரங்களோடும் ஒப்பிட்டால், எந்த ஜான் எவர் மகன் என்பது பிரிந்து தெரியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பத்திரத்தின் ஓரத்தில் கையெழுத்திட்ட யாரோ ஒருவர், நாம் தேடும் குடும்பத்துக்கு ஊர் காட்டிவிடுகிறார்.

> ‘சுற்றத் தேடல்’ என்றால் அழகாக இருக்குமே?

அழகுதான் அம்மா. ஆனால் சுற்றம் என்றதும் இன்று உறவினரைத்தான் நினைப்போம். பிணை நின்றவர் உறவாக இருக்க வேண்டியதில்லை. உறவா இல்லையா என்பதைத்தானே கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்! ‘அக்கம்பக்கம்’ என்றால் ஒரே ஊரோடு நின்றுவிடும்.

‘சூழ்குடி’ வினைத்தொகை. சூழ்ந்த குடி, சூழ்கின்ற குடி, சூழும் குடி மூன்றும் அதில் அடக்கம். அல்ஸ்டரில் அண்டையில் இருந்தவர்கள், வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இருப்பவர்கள், பிறகு கரோலினாவுக்குக் கூடவே போனவர்கள் எல்லாரையும் ஒரே சொல் தாங்கும். ‘இவருடைய சூழ்குடிகள் யார்?’ என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது. முறைக்குச் ‘சூழ்குடி ஆய்வு’.

குடி என்பது குலம் என்ற பொருளில் இழுக்குமோ என்ற ஒரு தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. ‘குடியிருப்பு’, ‘குடிவந்தார்’ என்பவற்றில் உள்ள குடியாக வாசகர்கள் எடுத்துக்கொள்வார்களா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.