மீன் ஏத்துற குட்டியானைக்கு எஃப்.சி: சேசிஸ் துரு, பின் பிரேக், எதை முதல்ல பார்க்கணும்?

தேங்காய்ப்பட்டணம்_லோடு:
அண்ணாச்சிமாரே, வண்டி டி.என். 75 டாடா ஏஸ், 2017 கடைசியில் பதிவு, பி.எஸ். 4 (புகை அளவு விதி). துறைமுகத்திலிருந்து களியக்காவிளை வழியா திருவனந்தபுரத்துக்கு மீன் லோடு. எட்டு வருஷம் தாண்டிட்டதால இனி வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று). முதல்ல சேசிஸ் (அடிச்சட்டம்) துருன்னு திருப்பினாங்க. அதைச் சரி பண்ணிக் கொண்டு போனா பின் பிரேக். அடுத்த தடவை பின் லைட். எல்லாக் குறையையும் ஒரே நாளில் சொல்லிட்டா ஒரே தடவையா பட்டறையில் ஏத்திடலாமே! ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் லோடு போகுது. எஃப்.சி. முடிய இன்னும் 12 நாள்தான் இருக்கு. கழிவு ஆயில் அடிச்சா துரு நிக்குமா?

பட்டறை_மார்த்தாண்டம்:
கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிப்போகும், டிரம்முக்குள் போனா லைனிங் வழுக்கும். அடியில் எண்ணெய் வழிஞ்சா பிரேக் இன்ஸ்பெக்டர் (எஃப்.சி.க்கு வண்டியைச் சோதிக்கிற அதிகாரி) அதை இன்ஜின் லீக்குன்னுதான் எடுப்பார்.

மீன் வண்டிக்கு எதிரி ஐஸ் உருகுற உப்புத் தண்ணி. அது பாடியின் பின்பக்கம் வடியும், அதனால பின் குறுக்குச் சட்டமும் கமான்பட்டை மாட்டுற பிராக்கெட்டும்தான் முதல்ல போகும். மேல பெயிண்ட் நல்லா இருக்கும், உள்ளே பொருபொருன்னு இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, சொத்துன்னு கேட்டா அங்க தகடு செத்துப்போச்சு. அந்த இடத்தில் பட்டி போட்டு மறைக்காதீங்க, துரு மேலேயே தகடு வச்சு வெல்டும் அடிக்காதீங்க. நல்ல இரும்பு வர்ற வரை வெட்டி எடுத்துட்டு அப்புறம் தகடு வைக்கணும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி எர்த்தைக் கழற்றிடணும். பிறகு கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு இரண்டு கோட், நல்லாக் காய்ஞ்சதும் கறுப்பு எனாமல். ஈரத்து மேல அண்டர்கோட் அடிச்சா துருவை உள்ளே பூட்டி வச்ச மாதிரி ஆயிடும்.

பின் பிரேக்குக்கு வெறும் லைனிங் மாத்துறது போதாது. வீல் சிலிண்டர் பிஸ்டன் ஒரு பக்கம் இறுகி இருக்கும், அதனாலதான் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் பைப்பை கிளிப்பில் இருந்து எடுத்துப் பாருங்க, கிளிப்புக்கு அடியில்தான் அரிச்சிருக்கும். லோடு சென்சிங் வால்வு (லோடுக்குத் தக்க பின் பிரேக் அழுத்தத்தை மாத்துறது) இருந்தா அதன் கம்பி கையால் அசையுதான்னு பாருங்க. ஹேண்ட் பிரேக் கேபிளும் உப்பில் இறுகும், கிரீஸ் போட்டும் ஓடலைன்னா புதுசுதான்.

பின் லைட்டுக்கு ஒரே ஒரு சோதனை. பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுதா? அப்போ பல்பு குற்றம் இல்ல, எர்த் போச்சு. சேசிஸில் எர்த் மாட்டுற இடத்தைச் சுரண்டி, புது லக் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. பத்து நிமிஷ வேலை.

டயரில் தேய்மானக் குறி தெரிஞ்சா மாத்திடுங்க, 1.6 மி.மீ. குறையக் கூடாது. ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு. ஒட்டுற இடத்தைத் தின்னரால் துடைச்சுக் காய வைக்காட்டி உப்புக் காத்தில் ஒரே மாசத்தில் உரிஞ்சிடும்.

தக்கலை_பேப்பர்:
உங்க ஆதங்கம் முழுக்க நியாயம். ஆனா குறையை வாய்வார்த்தையா கேட்டுட்டுத் திரும்பாதீங்க மக்கா, எல்லாத்தையும் எழுத்தில் கேளுங்க. எஃப்.சி. மறுத்து உத்தரவு வந்தா 1988 மோட்டார் வாகனச் சட்டம் 57-ம் பிரிவுப்படி 30 நாளில் மேல்முறையீடு உண்டு. கையில் காகிதம் இல்லாம அதுக்குப் போக முடியாது.

தேதியை விட்டுடாதீங்க. முடிஞ்ச பிறகு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதைவிடப் பெரிய ஆபத்து 56-ம் பிரிவு. எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டிக்குப் பதிவே செல்லாது என்ற கணக்குத்தான். 192-ம் பிரிவில் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். நடுவில் விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரங்க இதையே பிடிச்சுக்குவாங்க.

நீங்க எல்லை தாண்டி ஓட்டுறதால பரிவாஹன்ங்கிற போக்குவரத்துத் துறை வெப்சைட்டில் இ-சலானைப் (ஆன்லைன் அபராத ரசீது) பாருங்க. கேரளாவில் 2023 ஜூனில் இருந்து ஏ.ஐ. கேமரா அபராதம் வருது, மெசேஜ் பழைய நம்பருக்குப் போயிருந்தா தெரியாமலே கிடக்கும். பாக்கி இருந்தா ஆர்.சி. சம்பந்தப்பட்ட வேலை முடங்கலாம். வரி, 7 வருஷம் தாண்டிய வண்டிக்குரிய பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டியிருக்கான்னும் பாருங்க. பி.எஸ். 4-க்குப் புகைச் சான்று ஒரு வருஷம். டீசலுக்கு அளவு 50 ஹெச்.எஸ்.யு. (புகை அடர்த்தியை அளக்கிற அலகு). இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோதனைக்கு நிறுத்தினா கறுப்பா துப்பும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணி, அரை மணி நேரம் ஓட்டி, சூட்டோட கொண்டு போங்க.

இன்னொண்ணு, ஆர்.சி.யில் ஓப்பன் பாடின்னு இருந்து மேல ஐஸ் பெட்டி கட்டியிருந்தா 52-ம் பிரிவுப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏத்தணும். பெட்டி எடை கூடினா ஏத்தக்கூடிய லோடு அந்த அளவுக்குக் குறையும்.

தேங்காய்ப்பட்டணம்_லோடு:
பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுது, எர்த்தான்! ஆர்.சி.யில் பெட்டி ஏத்தியாச்சு. சேசிஸ் நம்பர்தான் கவலை, கடைசி இரண்டு எழுத்து துருவில் மங்கிக் கிடக்கு. கிரைண்டர் வைக்கலாமா?

பட்டறை_மார்த்தாண்டம்:
ஐயோ, அந்த இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். டீசலில் நனைச்ச துணியை ஒரு ராத்திரி போட்டு வச்சு, பித்தளை பிரஷால் மெதுவா தேயுங்க. மெல்லிய தாளை வச்சுப் பென்சிலால் உரசிப் பாருங்க. எழுத்து விழுந்தா உடனே கிரீஸ் தடவி மூடிடுங்க, எஃப்.சி. அன்னைக்குத் துடைச்சுக் காட்டினா போதும். விழலைன்னா ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக்கொடுத்து, அனுமதி வந்த பிறகுதான் மறுபடி பஞ்ச் பண்ணணும். நீங்களா பஞ்ச் அடிச்சா நம்பரைத் திருத்தின வண்டின்னு கேஸ் ஆயிடும்.

தண்ணிக்கும் வழி பண்ணுங்க. பெட்டித் தண்ணி வடியுற குழாயை ஒரு கேனில் விட்டு, இறக்குற இடத்தில் கொட்டுங்க. ரோட்டில் வடிஞ்சா பின்னால வர்ற பைக் ஓட்டுறவன் வழுக்கி விழுவான், உங்க சேசிஸும் அரிக்கும். லோடு இறக்கினதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவுங்க. முக்கியமா சட்டத்தோட உள்பக்கம், குழாயை அங்கதான் யாரும் காட்டுறதில்ல.